சாக்குக் கட்டிய கை

ஐப்பசி மாதத்து மகாவலிக்குக் கிட்ட மூக்குள்ளவன் எவனும் போகமாட்டான். மலையெல்லாம் கோப்பிப் பழம் சிவந்து, பறித்து, உரித்து, உரித்த தோலையெல்லாம் ஓடையில் தள்ளிவிட்டால் அது எங்கே போகும்? ஆற்றுக்குத்தான் வரும். வந்து கரையோரம் ஒதுங்கிப் புளித்து, நுரைத்து, புழு வைத்துக் கிடக்கும். அந்த ஆற்றில் தீபாவளிக் குளியல் குளித்தே தீருவேன் என்று ஒரு மனிதன் பெண்டாட்டி பிள்ளையோடு தெல்தோட்டையிலிருந்து நடந்து வந்திருக்கிறான். கணபதிக்கு வாய்த்த மருமகன் ராஜலிங்கம்தான் அந்தப் புண்ணியவான்.

கெட்டம்பேத் துறையில் நின்ற கணபதி மட்டும் மூக்கைப் பிடிக்கவில்லை. பிடிக்க அவருக்கு என்ன யோக்கியதை? ஹந்தானையில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் இருபது வருடமாக வேலை. உரித்த கோப்பிக்கொட்டையைத் தொட்டியில் ஊறப்போட்டு, அதன் வழவழப்புப் போகும்வரை முழங்கால் ஆழத்தில் இறங்கி மிதிக்கிற வேலை. அவர் மிதித்த கழிவுதான் ஓடை வழியாக இறங்கி, அவருக்கு முன்னாலேயே துறைக்கு வந்து சேர்ந்திருந்தது. பாதம் இரண்டும் வெளுத்து ஊறிப்போயிருக்கும். எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் அந்தப் புளிச்ச வாடை போகாது.

மருமகன் வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு நாளுக்குள் கணபதிக்கு வயிறு நிறைந்துவிட்டது. ராஜலிங்கம் சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணிக்குக் கீழே முப்பது ஆளை மேய்க்கிறவன். துரை கழித்துப் போட்ட கறுப்புக் கோட்டொன்றை வெயில் மழை பாராமல் மாட்டிக்கொண்டு திரிவான். அந்தக் கோட்டில் பழைய சுருட்டு நாற்றமும் பூஞ்சண நாற்றமும் அடிக்கும். தீபாவளிக்கென்று அறுத்த சேவலில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, எலும்பைச் சப்பிச் சப்பி, சப்பினதைக் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலிலேயே துப்பினான். அழகம்மா அதைப் பொறுக்கினாள். கணபதியின் மகள், ஒரு காலத்தில் அவர் தோளில் உட்கார்ந்து மலையேறிய பெண், புருஷன் துப்பின எலும்பைக் குனிந்து பொறுக்கினாள்.

அதுகூடப் போகட்டும். பிள்ளையைப் பிடித்து முன்னால் நிறுத்தி அவன் செய்த காரியத்தைத்தான் கணபதியால் சகிக்க முடியவில்லை.

பேத்தி வீரம்மாவுக்கு ஏழு வயது. சின்னதிலேயே செத்துப்போன தம்பி வீரையாவின் பேரை நினைத்து அழகம்மா வைத்த பேர். போன தீபாவளிக்குப் பார்த்தபோது கணபதியின் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளை, இந்த வருடம் விறுவிறுவென்று முன்னால் போகிறது. கையும் காலும் நீண்டிருந்தன. முன்பல் இரண்டும் புதிதாக முளைத்திருந்தன. தாத்தாவுக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் பொங்கி வந்த நேரத்தில் ராஜலிங்கம் பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பினான்.

"பாத்தீங்களா மாமா, பல்லு முளைச்சிருச்சு. கையப் பாருங்க, மணிக்கட்டு எப்பிடி ஏறியிருக்குன்னு. ஒரு வருசத்துல நாலு வெரக்கட வளந்துட்டா."

சந்தையில் கன்றுக்குட்டியைப் பிடித்துப் பார்க்கிறவன் இப்படித்தான் பார்ப்பான். கணபதி பிள்ளையின் முகத்தை அவன் கையிலிருந்து விடுவித்து, "வளரத்தானே செய்யும், மாப்பிள்ள" என்று மட்டும் சொன்னார். எதற்காக அளக்கிறான் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

தோட்டத்தில் கோப்பிச் செடியை மூன்றரை அடிக்கு மேல் வளரவிடமாட்டார்கள், தலையை வெட்டிவிடுவார்கள். செடியின் தலைக்குச் சரியாகப் பிள்ளை வளர்ந்துவிட்டால் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் நிறுத்தி அரைப் பேர் பதியலாம் என்பது ராஜலிங்கத்தின் தோட்டத்து வழக்கம். பெரியவர்களுக்கு ஒரு பேர், பிள்ளைகளுக்கு அரைப் பேர். பெரட்டில் நிறுத்துகிற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. பெற்ற பிள்ளையின் தலையும் தலைதானே, அதையும் எண்ணினால் என்ன என்று அந்தக் கோட்டுக்காரனுக்குத் தோன்றியிருக்கிறது.

பேர் பதியுமுன் ஒரு சடங்கு உண்டு. பழம் பறித்துப் போடுகிற சாக்கைப் பிள்ளையின் இடுப்பில் முதன்முதலாகக் கட்டிவிட வேண்டும். தீபாவளியன்று தலை முழுகிய ஈரத்தோடு கட்ட வேண்டும். தாயின் அப்பனோ தாய்மாமனோ கட்ட வேண்டும். வீரம்மாவுக்குத் தாய்மாமன் மண்ணுக்குள் போய்ப் பதினைந்து வருடம். ஆக, கணபதியின் கைதான் பாக்கி.

அந்தக் கைக்கு லயத்தில் ஒரு பேரும் உண்டு. இருபது வருடத்துக்கு முன் அவர் தன் மகள் அழகம்மாவுக்குக் கட்டினார். அவள் அந்த வருடமே பெரிய ஆட்களுக்குச் சமமாகப் பறித்தாள். "கணபதி கை ராசியான கை" என்று லயம் முழுக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு சொந்தம், சொந்தமில்லை என்றெல்லாம் பார்க்காமல் அவரையே கூப்பிட்டார்கள். போன வீட்டிலெல்லாம் வெற்றிலை, தேங்காய், ஒரு சொட்டுச் சாராயம். கூப்பிட்டபோதெல்லாம் அவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். மற்றவன் பிள்ளைக்குக் கட்டும்போது இனித்த வெற்றிலை, தன் பேத்தி என்று வந்ததும் தொண்டையில் கசந்தது. அப்படியொரு ஆள்தான் அவர். அதை அவரே ராத்திரி முழுக்க நினைத்து நினைத்து வெட்கப்பட்டார். ஆனாலும் பெற்றவன் கேட்கும்போது முடியாது என்று சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை.

துறையில் தோணிக்காரர் சாஹுல் ஹமீது காத்திருந்தார். கண்டிச் சந்தைக்குச் சாமான் ஏற்றுகிற அகலத் தோணி அவருடையது. தண்ணீரைக் காட்டித் தலையை ஆட்டினார்.

"இந்தத் தண்ணில குளிக்கவா வந்தீங்க? நேத்து மீனெல்லாம் செத்து மெதந்திச்சி. பேராதனைப் பாலத்துக்கு மேல போனாத்தான் கொஞ்சம் நல்ல தண்ணி ஈக்கிம்."

"அதுக்குத்தானே தோணி. போங்க மேல" என்றான் ராஜலிங்கம், தோணியே தன்னுடையது போல நடுப்பலகையில் போய்க் கால் பரப்பி உட்கார்ந்துகொண்டு. அழகம்மா சோற்றுப் பானையோடும் மாற்றுத் துணியோடும் ஓரத்தில் ஒடுங்கினாள். கணபதி முன்னால் உட்கார்ந்தார். பிள்ளை தானாகவே வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது.

"தாத்தா, ஒங்க காலு ஏன் நாறுது?"

"கோப்பி மிதிச்ச காலு தாயி."

"நான் மிதிக்க மாட்டேன். நான் பறிப்பேன். நாளைக்கழிச்சு பெரட்டுல எம் பேரயும் கூப்புடுவாங்க. தொர கேக்கிற மாதிரி சத்தமா பதில் சொல்லணும்னு அப்பா சொல்லிச்சு." சொல்லிவிட்டு அங்கேயே பழகிக் காட்டியது. சாஹுல் ஹமீது சிரித்தார். ராஜலிங்கத்துக்கு வாயெல்லாம் பல்.

கழி ஊன்றித் தோணி மேலே போகப் போக, தோல் மிதந்துகொண்டே வந்தது. சிவந்து, கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பாளம் பாளமாக வந்தது. அழகம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். ராஜலிங்கம் வெற்றிலையை மென்று அந்தப் பாளத்தின் மேலேயே குறி பார்த்துத் துப்பினான். ஹந்தானை ஓடை வந்து விழுகிற முனையில் நுரை ஆள் உயரத்துக்கு நின்றது. அதைத் தாண்டும்போது மற்ற நால்வரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கணபதி அடக்கவில்லை. தினமும் இழுக்கிற மூச்சுத்தானே.

பேராதனைப் பாலத்துக்கு மேலே தண்ணீர் தெளிந்தது. மூங்கில் கவிந்த ஒரு மேட்டோரம் தோணியை நிறுத்தினார்கள். அழகம்மா பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, மூன்று முறை முக்கி எடுத்தாள். பல் கிடுகிடுக்கச் சிரித்துக்கொண்டே பிள்ளை தோணியில் ஏறியது. அதன் கெண்டைக்காலில் சின்னச் சின்னக் கறுப்புத் தழும்புகள் இருப்பதைக் கணபதி அப்போதுதான் பார்த்தார்.

"இது என்னா அழகம்மா?"

"அட்டை கடிச்சது" என்றாள் அவள், தலை நிமிராமல். "பேரு இல்லாட்டியும் எங்கூடத்தான் மலைக்கு வருது. உதுந்த பழம் பொறுக்கும்."

ராஜலிங்கம் கோட்டுப் பையிலிருந்து ஒரு கயிறு எடுத்தான். கோப்பிச் செடியின் உயரத்துக்கு அளந்து இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட கயிறு. பையில் இருந்த புகையிலைத் தூள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. தோணிக்காரர் தோணிக்குள் நிமிர்த்திப் பிடித்திருந்த மூங்கில் கழியின் அடியில் ஒரு முடிச்சை வைத்து மிதித்து, மறுமுடிச்சை மேலே இழுத்துப் பிடித்தான்.

"வா, வந்து நில்லு. மாமா, நீங்களே பாருங்க. நாளைக்கி நான் பொய் சொன்னேன்னு யாரும் சொல்லக் கூடாது."

வீரம்மா ஓடிப்போய்க் கழியோடு முதுகை ஒட்டி நின்றது. முடிச்சு அதன் தலைக்கு மேலே நின்றது. இரண்டு விரல் குறைவு. கணபதிக்கு ஒரு நொடி உயிர் வந்தது. அவ்வளவுதான். பிள்ளை அப்பனின் முகத்தைப் பார்த்தது, முடிச்சைப் பார்த்தது, மெதுவாகக் குதிகாலைத் தூக்கியது. ஈரத் தலை முடிச்சைத் தொட்டது.

"எட்டிருச்சு!" என்றது.

ராஜலிங்கம் தொடையைத் தட்டிச் சிரித்தான். "பாத்தீங்களா? வேலைக்காரி. தொரை குனிஞ்சா காலைப் பாக்கப் போறாரு? எட்டினா எட்டினதுதான்."

"குதிகாலக் கீழ வையி, தாயி" என்றார் கணபதி.

"இல்ல தாத்தா, நான் இப்பிடியே நிப்பேன். ரொம்ப நேரம் நிப்பேன். பாருங்க."

நின்றது. கெண்டைச் சதை நடுங்க நடுங்க நின்றது. பெற்றவன் வைத்த அளவுக்குத் தன்னை இழுத்துக்கொண்டு நிற்கிற அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பார்க்க, சீ, என்ன மனிதர்கள் நாங்கள் என்று இருந்தது அவருக்கு. அளக்கிறவன் ஒருவன், கட்டிவிடுகிறவன் ஒருவன், எண்ணெய் தேய்த்து அனுப்புகிறவள் ஒருத்தி. இதற்கு ஒரு நல்ல நாள், ஒரு முழுக்கு, ஒரு சடங்கு வேறு.

ராஜலிங்கம் கோணியால் தைத்த சின்னச் சாக்கை எடுத்தான். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தான். கணபதியின் மடியில் போட்டான்.

"கட்டுங்க மாமா. ஒங்க கை ராசிக்காகத்தானே இவ்வளவு தூரம் நடந்து வந்தோம்."

சாக்கைக் கையில் எடுத்தபோதுதான் கணபதிக்கு அந்த வழி தெரிந்தது. ஒரு பொய். ஒரேயொரு பொய்தான். அதைத் தவிர அவர் கையில் வேறொன்றும் இல்லை.

"மாப்பிள்ள, மறைக்கக் கூடாது. என் கை ராசி கெட்ட கை."

"சும்மா வெளையாடாதீங்க மாமா."

"வெளையாடல. நீங்க தூரத்துல இருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாது. அழகர் மக ராக்கம்மான்னு ஒண்ணு. எட்டு வயசு. முந்தின தீபாவளிக்கி நான்தான் கட்டினேன். மார்கழியில காச்ச வந்து போயிருச்சு."

வாயில் வந்த முதல் பேர் அது. பழியைத் தன் கை மேல் போட்டுச் சொன்னதுதான் பொய். பிள்ளை செத்தது நிஜம். ஒன்று போதாதென்று ராஜலிங்கத்தின் முகம் சொல்லிற்று. இன்னொன்றைக் கட்டிச் சொல்லலாம் என்று கணபதி யோசித்தார். கட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"கோடி வீட்டு அழகையாவோட பயலுக ரெண்டு பேரு. ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் கட்டினேன். ஒருத்தன் மழையில நனைஞ்சு நெஞ்சுச் சளி. மத்தவன் அடுத்த மாசம்." நிறுத்தினார். மூன்று ஆகிவிட்டது. இதுவரை அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. பிழைத்த பிள்ளைகளின் வீட்டார் வெற்றிலையோடு வந்து கும்பிட்டார்கள். செத்த பிள்ளைகளின் வீட்டார் வரவில்லை. வராதவர்களை யார் எண்ணுவார்? "பெறகு தாயில்லாப் புள்ள ஒண்ணு. வயித்தோட்டம். அது பேரு..." பேர் வரவில்லை. இடுப்பில் சாக்கைக் கட்டும்போது கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரித்த பிள்ளை அது. சிரிப்பு ஞாபகம் இருந்தது. பேரைத் தேடித் தேடிப் பார்த்தார், இல்லை.

சாஹுல் ஹமீது கழியோடு தோணியின் மறு பக்கம் நகர்ந்தார்.

"பெறகு எம் மவன் வீரையா. அவனுக்கும் இந்தக் கைதான். ஏழு வயசு. காச்சல்ல போனான்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். மழையில நின்னு பறிச்சுத்தான் போனான். வேணாம்பான்னு அழுதான், நான்தான் கூட்டிக்கிட்டுப் போயி நிறுத்தினேன்."

"போதும்பா" என்றாள் அழகம்மா.

ராஜலிங்கத்தின் முகம் சுருங்கிக் கறுத்துவிட்டது. பேய்க்கும் பிசாசுக்கும் பயப்படாதவன் மாதிரி நடப்பானே தவிர, பல்லி சொன்னால் பாதி வழியில் திரும்புகிறவன் அவன். எட்டிக் கணபதியின் மடியிலிருந்த சாக்கை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினான். செத்த எலியைத் தூக்குகிற மாதிரித் தூக்கி ஆற்றில் போட்டான்.

"த்தூ. இத்தன பொணத்த வச்சிக்கிட்டு வாயத் தொறக்காம இருந்தீங்களே. இந்தக் கையாலதானே நேத்து புள்ளைக்கிச் சோறு ஊட்டினீங்க? மடியில வேற வச்சிக்கிட்டு. ஏய், எறங்கு. புள்ளைய மறுபடி முக்கு. தலையோட முக்கு."

அழகம்மா பிள்ளையைத் தண்ணீரில் இறக்கினாள். மறுபடி மூன்று முறை முக்கினாள். கணபதி தொட்ட கன்னம், தோள், முதுகு எல்லாவற்றையும் அவன் மேலே நின்று சொல்லச் சொல்ல அவள் தேய்த்தாள். பிள்ளை குளிரில் அழுதது. குளிருக்கு மட்டும் அழவில்லை.

"எனக்குச் சாக்கு?"

"அடுத்த வருசம்" என்றான் அப்பன். "ஊருலருந்து எங்க பெரியப்பாவ வரவழைச்சு, அவரையே மாமன் முறைக்கி நிறுத்தியாவது கட்டிக்கிறேன். இந்த வருசம் நாளே கெட்டுப் போச்சு. மாமா, இனிமே எம் புள்ள பக்கம் வந்துறாதீங்க. கண்ணால பாக்கிறதும் வேணாம், பேசறதும் வேணாம்."

கணபதி சரி என்று தலையாட்டினார். பிள்ளை தாயின் பின்னால் ஒதுங்கி நின்று அவரைப் பார்த்தது. கையில் கிடைத்த பேரைப் பிடுங்கிக்கொண்ட கிழவனை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்தது. "நாத்தத் தாத்தா" என்றது.

திரும்பி வரும்போது சோற்றுப் பானையைத் திறக்கவே இல்லை. சாஹுல் ஹமீதுகூடத் தோணியின் மறு பக்கமாகவே நின்று கழி போட்டார். நாளைக்குக் கண்டிச் சந்தையில் இந்தக் கதையை அவர் சொல்லுவார். ஒரு வாரத்தில் ஹந்தானை லயத்துக்கு ஏறும். அப்புறம் யார் வீட்டிலும் கணபதிக்கு வெற்றிலை இருக்காது. செத்த பிள்ளைகளின் வீட்டார் வந்து என்ன கேட்பார்கள் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. நுரை நின்ற முனையைத் தாண்டும்போது இந்தத் தடவை அவருக்கே ஓங்கரித்தது. தோணி ஓரமாகக் குனிந்து காலையில் குடித்த கஞ்சியையெல்லாம் வாந்தி எடுத்தார். ராஜலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துறையில் இறங்கியதும் லயத்துக்குக்கூட வராமல் தெல்தோட்டைப் பாதையைப் பிடித்தான். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அழகம்மா ஈரத் துணியைப் பிழிகிற சாக்கில் கரையில் கொஞ்சம் பின்தங்கினாள்.

"அப்பா, பொய்தானே சொன்னீங்க?"

"ஆரம்பிக்கையில பொய்தான் தாயி."

அவள் துணியைப் பிழிந்தாள். தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். அவள் விரல் நுனிகளில் கோப்பிக் கறை நிரந்தரமாக ஏறியிருந்தது. ஏழு வயதில் ஏறிய கறை அது.

"எனக்கும் நீங்கதானே கட்டினீங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "அன்னைக்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாமேப்பா."

பதிலுக்குக் காத்திருக்காமல் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பாதையின் மேட்டில் யாரோ வேலிக்கு நட்ட கோப்பிச் செடிகள் நாலைந்து வரிசையாக நின்றன. பிள்ளை அப்பனின் கையை உதறிவிட்டு, ஒன்றின் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி நின்றது. குதிகாலைத் தூக்கியது. குதிகாலைக் கீழே வையடி என்று கத்தக் கணபதி வாயெடுத்தார். பேசக் கூடாதென்று சொல்லியிருந்தது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார். பிள்ளை குதிகாலை இறக்கிவிட்டு அடுத்த செடிக்கு ஓடியது. அங்கேயும் இரண்டு விரல்தான் குறைவு.